காய்ந்தது, காயாதது

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா "ஆபீஸ்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சுவரைக் கொளுத்துகிற வேலை என்று எப்படிச் சொல்வாள்? ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். "நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது இதுக்கா? ஒரு தீப்பெட்டி குடுத்தா நானே கொளுத்துவேனேடி" என்றாள்.

சும்மா கொளுத்துவதில்லை. எந்தக் கட்டடத்திலும் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தண்ணீர்க் குழாய் போகும், கேபிள் போகும், கழிவுக் குழாய் போகும். அவை போவதற்குச் சுவரில் ஓட்டை போடுவார்கள். குழாயைச் சுற்றி மிஞ்சுகிற இடைவெளியை ஏதோ ஒரு பசையை அப்பியோ பட்டையைச் சுற்றியோ அடைப்பார்கள். தீப்பிடித்தால் சுவர் தாங்கிவிடும். அந்த அடைப்பு தாங்குமா? பக்கத்து அறையில் தூங்குகிற ஆளின் உயிர் அந்த இரண்டு விரல் அகலத்தில் இருக்கிறது. அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, குழாய்களைச் செருகி, அடைத்து, ஒரு மாதம் காயவிட்டு, உலையின் வாயில் கதவு போலப் பொருத்தி ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிப்போம். நெருப்பு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று பார்க்கவேண்டும். அந்த ஆள் நான்.

என் ஆயுதம் பஞ்சு. சிரிக்காதீர்கள். நீளக் கைப்பிடி வைத்த கம்பிக் கூண்டு, அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பஞ்சுப் பட்டை. அடைப்பில் எங்காவது விரிசல் விட்டால், விரிசலின் நேரே கூண்டை முப்பது விநாடி பிடிக்கவேண்டும். பஞ்சு தீப்பற்றினால் அடைப்பு தோற்றது. பற்றாமல் உள்ளுக்குள் கனன்றாலும் தோற்றதுதான். வெறுமனே கருகினால் பரவாயில்லை, சோதனை தொடரும். கருகலா, கனலா என்று சொல்லவேண்டியது பஞ்சைப் பிடித்தவர். அதனால் எனக்கு அங்கே பெயர் "பஞ்சு". முகத்துக்கு நேரே "பஞ்சு மேடம்". முதுகுக்குப் பின்னால் என்னவோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற தூரத்தில் யாரும் என்னை வைத்துக்கொள்ளவில்லை.

காரணம் நானேதான். போன வருஷம் உலையை இயக்குகிற அண்ணன் வெப்பம் அளக்கிற கம்பியை அடைப்பின்மேல் ஒட்டுவதற்குப் பதிலாக நாலு விரல் தள்ளிச் சுவரின்மேல் ஒட்டிவிட்டார். நான் பார்த்தேன். "எழுதாதம்மா, மாத்தி ஒட்டிடறேன்" என்றார். மாற்றி ஒட்டினார், நானும் எழுதினேன். தவறு அறிக்கை, இரண்டு பக்கம். அவரை ஒரு மாதம் கிடங்கில் மூட்டை எண்ணப் போட்டார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் மற்றவர்களுக்குத் திடீரென்று வயிறு நிறைந்துவிடும். நானும் போங்கடா என்று சன்னல் ஓரத்தில் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். தப்பைத் தப்பென்று எழுதியதற்கு நான் ஏன் தலைகுனியவேண்டும்?

இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாலும் ஒரு விஷயத்தில் எனக்குப் பயம் இருந்தது. வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் முடிகிற மாதம் அது. அந்த மாதம்தான் என்னை நிரந்தரம் ஆக்கும் கடிதம் வரவேண்டும். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் தொட்டதில்லை. அப்பா கட்டடங்களுக்குச் சாரம் கட்டினார். சாரம் எங்கே இருக்கிறதோ அங்கே வேலை, அவிழ்த்தால் வேலை போயிற்று. அவர் போனபிறகு அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரியில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷமாக இன்னும் "தற்காலிகம்". நாள் தவறாமல் போனில் கேட்பாள்: "லெட்டர் வந்துச்சா?"

சோதனை அன்று காலை பத்து மணிக்கு. பசைக் கம்பெனிக்காரர் எட்டுக்கே வந்துவிட்டார். பெரிய கம்பெனி இல்லை. பசையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான், விற்கப்போகிறவரும் அவர்தான். ஏற்கெனவே மூன்று தடவை தோற்றவர். நூற்றிருபது நிமிடம் தாங்கினால் உயரமான கட்டடங்களில் அவருடைய பசையைச் சேர்த்துக்கொள்வார்கள். தொண்ணூறு நிமிடம் என்றால் சின்னக் கட்டடங்களோடு சரி.

"மேடம், இன்னிக்கு உங்க கைதான்" என்று கும்பிட்டார்.

"என் கைல ஒண்ணும் இல்லை சார். உங்க பசைலதான் இருக்கு" என்றேன். மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அப்படித்தான் பேச வரும்.

பஞ்சு தயார் செய்யப் போனேன். பஞ்சு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஈரப் பஞ்சு பற்றவேண்டிய நேரத்தில் பற்றாது. அதனால் நூறு டிகிரி அடுப்பில் அரைமணி நேரம் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவைப்போம். ஒரே மாதிரி இரண்டு தகர டப்பாக்கள். ஒன்றில் காயவைத்தவை, மற்றதில் இனிமேல் காயவைக்க வேண்டியவை. முன்பெல்லாம் டப்பாவின் வயிற்றில் மார்க்கரால் எழுதியிருந்தார்கள், கை பட்டு அழிந்துகொண்டே இருக்கும். நான் வந்துதான் அழகாக அச்சடித்த சீட்டு ஒட்டினேன். மூடியில். "காய்ந்தது" என்று ஒன்று, "காயாதது" என்று ஒன்று. தலைமைப் பொறியாளரிடம் காட்டிப் பாராட்டும் வாங்கினேன்.

அடுப்பிலிருந்து எடுத்த பஞ்சுகளை ஒரு டப்பாவில் அடுக்கினேன். மறுநாள் காயவைப்பதற்காக, புதுக்கட்டைப் பிரித்து மற்ற டப்பாவிலும் போட்டேன். இரண்டு மூடியும் மேசையில் கிடந்தன. அப்போது உலை அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"என்ன பஞ்சு, ரெடியா? இன்னிக்கு யாருக்கு அறிக்கை?"

"தப்பு பண்றவங்களுக்கு."

"அப்படியா. நான் இன்னிக்கு லீவு போட்டிருக்கலாம் போலிருக்கே."

"போட்டிருந்தா உலை நல்லா எரியும்" என்று சொல்லி, இரண்டு மூடியையும் படார் படாரென்று அடித்து மூடினேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். 

பத்து மணிக்கு உலை பற்றியது. முதல் அரைமணி நேரம் சுவரின் இந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, உறுமல் மட்டும் கேட்கும். சுவரில் ஒன்பது ஓட்டைகள், ஒன்பது அடைப்புகள். நான் ஒன்றிலிருந்து ஒன்பது வரை நடப்பேன், ஒன்பதிலிருந்து ஒன்று வரை திரும்புவேன். தலைமைப் பொறியாளர் கண்ணாடி அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர் அவர் பக்கத்தில். சூட்டின் பக்கத்தில் நான் மட்டும். ஐம்பதாவது நிமிடத்தில் சுவர் வேர்க்கத் தொடங்கும், ஈரம் எல்லாம் ஆவியாகிப் பசையின் விளிம்பில் குமிழிடும். எழுபதில் மணம் மாறும். எண்பதில் கையுறைக்குள் விரல் புழுங்கும். யாரிடமாவது "இதைப் பாரேன்" என்று சொல்லத் தோன்றும். சொல்ல ஆள் கிடையாது.

தொண்ணூறைத் தாண்டியது. கண்ணாடிக்குப் பின்னால் கம்பெனிக்காரர் ஒரு விரலைக் காட்டினார், ஒரு படி ஏறிவிட்டோம் என்பதுபோல.

தொண்ணூற்று நாலில் ஆறாவது அடைப்பு விட்டது. பிளாஸ்டிக் குழாயின் மேல்விளிம்பில் நகக்கீறல் மாதிரி ஒரு விரிசல். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சூடு ஊசிபோல் வந்தது. நான் "காய்ந்தது" டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்துக் கூண்டில் வைத்து விரிசலுக்கு நேரே பிடித்தேன். கடிகாரம் ஓடியது. பத்து விநாடியில் பஞ்சு மஞ்சளானது. பதினெட்டில் பழுப்பு. இருபத்தைந்தில் நடுவில் கறுப்பு. கையுறையைத் தாண்டிச் சுட்டது. இந்தச் சூட்டுக்கு இது பற்றியிருக்க வேண்டுமே என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. முப்பது. இழுத்துப் பார்த்தேன். தீ இல்லை, கனல் இல்லை.

"கருகல்" என்று கத்தினேன்.

ஒலிபெருக்கியில் தலைமைப் பொறியாளர்: "பத்தலை இல்ல?"

"பத்தலை சார். கருகல்."

இரண்டு நிமிடத்தில் பசை உப்பி அந்த விரிசலைத் தானே மூடிக்கொண்டது. அப்புறம் நூற்றிருபதுவரை ஒன்றும் நடக்கவில்லை. உலையை அணைத்தார்கள். கம்பெனிக்காரர் கண்ணாடி அறைக்குள் அழுதார். நல்ல சட்டை போட்ட மனுஷன், கைக்குட்டைகூட எடுக்காமல் முழங்கையில் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் தேநீருக்குப் போனார்கள். நான் பஞ்சு அறைக்கு வந்து உட்கார்ந்தேன். முகமெல்லாம் வேர்வை. "காய்ந்தது" டப்பாவிலிருந்து மிச்சப் பஞ்சு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றினேன்.

சில்லென்று இருந்தது.

அம்மா லாண்டரியில் துணி காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்க்கமாட்டாள். "கை பொய் சொல்லும்டி, வேலை செஞ்சு மரத்துப்போன கை" என்று கன்னத்தில் வைப்பாள். சில்லென்றால் ஈரம், அவ்வளவுதான். சின்ன வயதில் பள்ளிச் சீருடையை அப்படி என் கன்னத்திலும் வைத்துப் பார்த்திருக்கிறாள். என் நாலு வருஷப் படிப்பில் இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மற்ற டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அடுத்த கன்னத்தில் வைத்தேன். வெதுவெதுப்பு. தராசில் வைத்தேன். "காய்ந்தது" மூன்று புள்ளி எட்டு கிராம். "காயாதது" மூன்று புள்ளி ஐந்து. மறுபடி வைத்தேன். இன்னும் இரண்டிரண்டு பஞ்சை வைத்தேன். அதேதான்.

மூடி மாறியிருந்தது. படார் படாரென்று அடித்தேனே, அப்போது. சீட்டை டப்பாவில் ஒட்டாமல் மூடியில் ஒட்டிய மேதாவியும் நான், மூடியை மாற்றிப் போட்டவளும் நான்.

தலைமைப் பொறியாளர் அறையில் தனியாக இருந்தார். சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"எத்தனை கிராம் வித்தியாசம்?"

"பாயிண்ட் மூணு."

"அஞ்சாறு சொட்டுத் தண்ணி."

"ஆமா சார்."

"அந்தச் சூட்டுல அஞ்சாறு சொட்டு எத்தனை செகண்ட் நிக்கும்?"

"தெரியாது சார். முப்பது செகண்ட்ல அது எத்தனை செகண்டைத் தின்னுச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"காய்ஞ்ச பஞ்சா இருந்தா பத்தியிருக்குமா?"

"அதுவும் தெரியாது."

"எதுவுமே தெரியாம எதுக்கும்மா வந்து நிக்கிற?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "மூடி மாறினது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"வேற?"

"இப்ப உங்களுக்கு."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் இங்கதான் இருக்கு. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டேன். நீ இதை எழுதிக் குடுத்தா நூத்திருபது கிடையாது, தொண்ணூறுதான். அந்த ஆளு மறுபடி சுவர் கட்டணும், மறுபடி ஒரு மாசம் காயவிடணும். தலைமை ஆபீஸ்ல முதல்ல கேப்பாங்க, பஞ்சைப் பிடிச்சது யாருன்னு. நான் உன்னை மிரட்டலைம்மா. நடக்கப்போறதைச் சொல்றேன்."

"புரியுது சார்."

"வீட்டுல கேட்டுட்டு வா."

வீட்டில் கேட்டுவிட்டு வருவதா! வெளியே வந்து உண்மையிலேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் லாண்டரி இயந்திரங்கள் கடகடவென்று ஓடின.

"லெட்டர் வந்துச்சா?" என்றாள்.

"இல்லம்மா. ஒரு பஞ்சு ஈரமா இருந்துச்சு."

"என்னது?"

"பஞ்சு. ஈரம்."

"காயப்போடு" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். படிக்க வைத்து என்னை எங்கேயோ ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து கத்தினால் கீழே யாருக்கும் கேட்காது, மேலே யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

பிறகு தவறு அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். நடந்த தவறு: எழுதினேன். தவறு செய்தவர்: என் பெயர். தவறைக் கண்டவர்: என் பெயர். கடைசியில் சாட்சி என்று ஒரு கட்டம்.

உலை அண்ணன் எரிவாயுக் குழாய்களை மூடிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன்.

"அண்ணே, இதுல ஒரு கையெழுத்து வேணும்."

வாசித்தார். ஒருதரம் என்னைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"எனக்கு எழுதினப்ப ரெண்டு பக்கம். உனக்கு அரைப்பக்கம்தானா?"

"நடந்தது அவ்வளவுதான்."

"எனக்கு மட்டும் மகாபாரதமா நடந்துச்சு?" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எழுதாதேன்னிருப்பாரே."

"ஆமா."

"நானும் அன்னிக்கு எழுதாதேன்னேன்."

"ஆமா."

"ஆக நீ யார் சொன்னாலும் கேக்க மாட்டே." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "சாட்சின்னா கண்ணால பாத்திருக்கணும். மூடி மாறினதை நான் பாக்கலை. பாத்திருந்தாலும் போடமாட்டேன் பஞ்சு. அந்த ஒரு மாசத்துல ஒருநாள் என் பொண்ணு கிடங்குக்கு வந்து, அவ அப்பா மூட்டை எண்றதைப் பாத்துட்டுப் போனா. அதை நீ ரெண்டு பக்கத்துல எழுதலை."

தாளை வாங்கிக்கொண்டேன். அவர் செய்தது தப்பு, நான் எழுதியது சரி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பெண் வந்து பார்த்தது எனக்கு அதுவரை தெரியாது.

சாட்சிக் கட்டத்தைக் காலியாக விட்டு அறிக்கையைக் கொடுத்தேன். தரப் பிரிவில் ஒரு எண்ணைக் குத்தி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார். என்னைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார். "மேடம், நிஜமா ஈரமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். "நிஜமா சார். என் தப்பு." அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

புதுச் சுவர் எழும்பியது, காய்ந்தது. ஒரு மாதம் கழித்து மறுசோதனை. பஞ்சை என்னிடம் தரவில்லை. வேறு பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். எனக்குப் பதிவேடு. கண்ணாடி அறையின் மூலையில் உட்கார்ந்து அவர் சொல்வதையெல்லாம் நிமிடம் போட்டு எழுதவேண்டும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டு மணிநேரமும் நான் வேண்டிக்கொண்டேன். விரிசல் விடவேண்டும் என்று. ஆறாவது அடைப்பு அதே இடத்தில் கிழியவேண்டும், காய்ந்த பஞ்சு குப்பென்று பற்றவேண்டும், இந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும். பக்கத்தில் அந்த மனுஷன் தாங்கு, தாங்கு என்று முனகிக்கொண்டிருந்தார். நான் வாய்க்குள் விழு, விழு என்றேன். சுவர் நிற்பதற்காகப் பார்க்கிற வேலை இது. நான் அது விழக் காத்திருந்தேன்.

தொண்ணூற்று நாலு. "ஒண்ணும் இல்லை." தொண்ணூற்று ஐந்து. "ஒண்ணும் இல்லை." எழுதினேன். நூறு. நூற்றைந்து. ஒரு விரிசல் இல்லை, ஒரு புகைக்கீற்று இல்லை. பஞ்சுக்கு வேலையே வரவில்லை. நூற்றிருபதில் உலை அணைந்தது.

"சந்தோஷமா இப்ப?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"சந்தோஷம்லாம் தெரியாது சார். இப்பதான் அது பாஸ்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையைக் கொடுத்தார். தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. இரண்டே வரி. கையெழுத்து அவருடையது.

கம்பெனிக்காரர் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது கை ஒரு விநாடி நின்றது, பிறகு கொடுத்தார். "ஒரு மாசம் போச்சு மேடம்" என்றார். கோபம் இல்லை, நன்றியும் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் சாய்ந்திருந்தது. அம்மா கூப்பிட்டாள்.

"என்ன ஆச்சு உன் சுவரு?"

"நின்னுடுச்சும்மா."

"நல்லதுதானே. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, சளி பிடிச்சிருக்கா?"

"லெட்டர் வந்துச்சு. ஆறு மாசம் தள்ளிப் போட்டுட்டாங்க."



"ஏன்? நீ என்ன பண்ணின?"

"ஒரு தப்பு பண்ணினேன்."

"கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"நான்தான் சொன்னேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை."

லாண்டரி இயந்திரங்களின் கடகட சத்தம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்குக் கத்தலாம். ஒரு மாதமாக யாரிடமாவது கத்தவேண்டும்போல் இருந்தது.

"ஆறு மாசம்தானே" என்றாள். அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று அந்தச் சத்தத்தில் எனக்குப் பிடிபடவில்லை. "இரு, மிஷின் நின்னுடுச்சு, துணி எடுக்கணும்" என்று வைத்துவிட்டாள்.